செயற்கை நுண்ணறிவின் ஒருசார்பு: மாணவர்களிடம் போகும் முன் ஆசிரியர்களுக்கு எதைப் பயிற்றுவிப்பது?

வெண்பலகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் காணப்படும் ஒருசார்பை மாணவர்களோடு சேர்ந்து ஆராய்வதுதான் பொருள். கணினி ஆசிரியர்கள் மட்டும் வரப்போவதில்லை. மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என எல்லாப் பாடத்தவரும் ஒரே அறையில் அமர்வார்கள். சில அரைநாள் அமர்வுகள் கிடைக்கும். ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர்கள் தத்தம் வகுப்பில் எதையாவது செய்துபார்த்துவிட்டு வரவும் வழியுண்டு.

நான் புரட்டிப் பார்த்த பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. தொழில்நுட்ப விளக்கம் ஒன்று, அதிர்ச்சியூட்டும் நிகழ்வுகள் நாலைந்து, கடைசியில் ‘தரவு கோணலானால் விடையும் கோணலாகும்’ என்ற ஒற்றை வரி, அவ்வளவுதான். நிகழ்வுகள் உண்மையானவைதாம். ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்துப் பாலினம் சொல்லும் வணிகக் கருவிகள் வெளிர்நிற ஆண்களிடம் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பிழை செய்தன. கருநிறப் பெண்களிடம் அந்தப் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. அதே ஆண்டில், வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அமேசான் நிறுவனம் உருவாக்கிப் பார்த்த கருவி, பெண்களின் விண்ணப்பங்களைக் கீழே தள்ளியதால் கைவிடப்பட்ட செய்தியும் வெளிவந்தது.

இவற்றைச் சொன்னால் வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாணவர் ஒருவர் எழுந்து, ‘இன்னும் நிறையப் படங்களைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?’ என்றோ, ‘எத்தனை விழுக்காடு வரை பிழை இருக்கலாம்?’ என்றோ கேட்டால், கதையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆசிரியரால் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. யுனெஸ்கோ 2024இல் செயற்கை நுண்ணறிவு தொடர்பாக ஆசிரியர்களுக்கென 15 திறன்களும் மாணவர்களுக்கென 12 திறன்களும் கொண்ட இரண்டு சட்டகங்களை வெளியிட்டது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை அவை சொல்கின்றன. செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் என்ன செய்வது என்பது நம் கையில்தான் இருக்கிறது. உங்கள் கருத்துகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

---

அளவுகோல் (கணிதம்)

வணக்கம் வெண்பலகை ஐயா. என் பங்குக்கு ஒன்றை வலியுறுத்துகிறேன்: பயிற்சியின் முதல் அமர்வில் கணினியையே திறக்காதீர்கள். 200 தாள் துண்டுகள் போதும்.

இரண்டு பள்ளிகள், பள்ளிக்கு 100 மாணவர்கள், மாணவருக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கருவி, ‘இவர் இறுதித் தேர்வில் தவறக்கூடும்’ என்று சிலரைக் குறித்துக் கொடுக்கிறது. முதல் பள்ளியில் உண்மையில் தவறப்போகிறவர்கள் 50 பேர், இரண்டாவதில் 20 பேர். கருவி முதல் பள்ளியில் 50 பேரைக் குறிக்கிறது. அவர்களில் 40 பேர் தவறுகிறார்கள். இரண்டாவதில் 20 பேரைக் குறிக்கிறது. 16 பேர் தவறுகிறார்கள். குறிக்கப்பட்டவர்களில் 80 விழுக்காட்டினர் விஷயத்தில் கருவி சொன்னது பலித்தது, இரு பள்ளிகளிலும். தவறப்போகிறவர்களில் 80 விழுக்காட்டினரை அது முன்கூட்டியே கண்டுகொண்டது, அதுவும் இரு பள்ளிகளிலும். விற்பனைக்கு வந்தவர் இந்த இரண்டு எண்களையும் காட்டி, ‘எங்கள் கருவி யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை’ என்று சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை.

இப்போது, நன்றாகப் படித்துத் தேர்ச்சி பெறப்போகும் மாணவரின் இடத்தில் இருந்து எண்ணிப் பாருங்கள். முதல் பள்ளியில் அப்படிப்பட்ட 50 பேரில் 10 பேர் வீணாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள், அதாவது ஐந்தில் ஒருவர். இரண்டாவதில் 80 பேரில் 4 பேர், இருபதில் ஒருவர். ஒரே கருவி, ஒரே தாள் கட்டு. ஆனால் தவறாக முத்திரை குத்தப்படும் வாய்ப்பு முதல் பள்ளியின் நல்ல மாணவருக்கு நான்கு மடங்கு.

இதைச் சரிசெய்யச் சொல்லி ஆசிரியர்களிடமே துண்டுகளைக் கொடுத்துவிடுங்கள். முதல் பள்ளியில் குறிப்பதைக் குறைத்தால், உதவி தேவைப்படுகிறவர்கள் விடுபடுவார்கள். இரண்டாவதில் கூட்டினால், குறிப்பின் நம்பகம் சரியும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று நகரும். ஒருவர் மீண்டும் குற்றம் செய்யக்கூடுமா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பஸ் என்னும் கருவியைப் பற்றி 2016இல் புரோபப்ளிகா என்னும் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வின் நடுவில் இருந்ததும் இதே கணக்குத்தான். மீண்டும் குற்றம் செய்யாதவர்களில், ‘ஆபத்து அதிகம்’ என்று தவறாகக் குறிக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஏறத்தாழ 45 விழுக்காடு, வெள்ளையர் ஏறத்தாழ 23 விழுக்காடு என்றது புரோபப்ளிகா. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவரானாலும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், ஆகவே கருவி நேர்மையானது என்றது அதை உருவாக்கிய நிறுவனம். இரு தரப்பும் வெவ்வேறு நேர்மையை அளந்தன. அடிப்படை வீதங்கள், அதாவது ஒவ்வொரு குழுவிலும் உண்மையில் தவறுகிறவர்களின் பங்கு, வேறுபடும்போது, பிழையே செய்யாத கருவியைத் தவிர வேறெதுவும் இந்த எல்லா அளவுகோல்களையும் ஒருசேர நிறைவுசெய்ய முடியாது என்பது பின்னர்க் கணித அடிப்படையில் நிறுவப்பட்டது.

பத்தாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ஆனால் இதைத் தாமே செய்து பார்த்த ஆசிரியர், ‘தரவைச் சரிசெய்தால் போதும்’ என்று வகுப்பில் சொல்லமாட்டார்.

---

சொல்லாடல் (மொழிப்பாடம்)

அளவுகோல் அவர்களின் தாள் துண்டுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. முதல் அமர்விலேயே விழுக்காட்டை மேசையில் கொட்டினால், மொழி ஆசிரியர்களில் பாதிப் பேர் ‘இது கணக்காசிரியர் விவகாரம்’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தவர்களைப் பிற்பகலில் எழுப்புவது கடினம்.

நான் வேறொரு வாசலைச் சொல்கிறேன். கட்டுரையைக் கொடுத்தால் ‘இது இயந்திரம் எழுதியது’ என்று சொல்லும் கண்டறி கருவிகள் இன்று பல ஆசிரியர்களின் கையில் இருக்கின்றன. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதக் கையால் எழுதப்பட்ட அந்தக் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அந்தக் கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்றன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலோ அவை ஏறத்தாழப் பிழையின்றித் தீர்ப்புச் சொல்லின. காரணம் எளிது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இந்தக் கருவிகள் பெரிதும் பார்க்கின்றன. குறைந்த சொல்வளத்தோடு, பழகிய தொடர்களில் எழுதுகிறவரின் நடை ஊகிக்கச் சுலபமானது. மொழியை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர், அதனாலேயே குற்றவாளி ஆகிறார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த எடுத்துக்காட்டை நான் முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. முகம் காணும் கருவியைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர் வெளியே நின்று பார்க்கிறவர். தவறு செய்தது எங்கோ உள்ள நிறுவனம். கண்டறி கருவியில் அப்படி இல்லை. தீர்ப்பை அச்சிட்டு மாணவரின் முன் வைப்பது ஆசிரியரின் கை. ஆகவே பயிற்சியில் ஆசிரியர்களை மாணவரின் இருக்கையில் உட்காரவையுங்கள். ‘நீங்கள் எழுதிய இந்தப் பக்கத்தை இயந்திரம் எழுதியதென்று கருவி சொல்கிறது; இல்லையென்று நிறுவுங்கள்’ என்று கேளுங்கள். எதைக் கொண்டு நிறுவுவது என்று திகைக்கும் அந்த ஐந்து நிமிடங்களுக்குப் பிறகு, பிழை வீதம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவர்களே விரும்புவார்கள். அப்போது தாள் துண்டுகளை எடுங்கள்.

இன்னொரு பயிற்சியும் மொழி வகுப்புக்குப் பொருந்தும். ஒரே மதிப்பெண்கள், ஒரே செயல்பாடுகள், பெயர் மட்டும் ஆண் பெயராகவும் பெண் பெயராகவும் மாறும் இரண்டு மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருமாறு சாட்பாட்டைக் கேட்டு, இரண்டிலும் உள்ள பெயரடைகளைக் கோடிடச் சொல்லலாம். யார் ‘அறிவுக்கூர்மை மிக்கவர்’, யார் ‘பண்பானவர், பொறுமைசாலி’ என்று பார்ப்பது மொழிப்பாடத்துக்குள்ளேயே அடங்கும் வேலை.

---

குறுக்குக்கேள்வி

அனைவரும் நல்ல மனத்தோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் நேராகக் கேட்டுவிடுகிறேன். மனிதர்கள் ஒருசார்பு இல்லாதவர்களா? கையெழுத்து அழகாக இருந்தால் கூடுதலாக ஒரு மதிப்பெண், முன்வரிசை மாணவருக்குச் சலுகை, அண்ணன் குறும்புக்காரன் என்றால் தம்பி மீதும் ஒரு கண் என்பதெல்லாம் ஆசிரியர் அறையில் நடக்காததா? அவற்றையெல்லாம் பூசி மெழுகிவிட்டு இயந்திரத்தின் ஒருசார்பை மட்டும் வகுப்பில் விரித்துக் காட்டினால், மாணவர்கள் மனத்துக்குள் சிரிப்பார்கள். அவர்கள் நம்மை நன்றாகவே அளந்துவைத்திருக்கிறார்கள்.

---

வெண்பலகை

குறுக்குக்கேள்வி அவர்களே, இதைத் தவிர்க்கக் கூடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அதற்கு ஏற்ற நிகழ்வு ஒன்று கைவசம் இருக்கிறது. கையேடுகளில் அது ஏனோ போதிய இடம் பெறுவதில்லை.

2020இல் பெருந்தொற்றால் இங்கிலாந்தில் மேல்நிலைத் தேர்வுகள் நடைபெறவில்லை. ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்கு மதிப்பீட்டுத் தரமும், வகுப்புக்குள் முதலிலிருந்து கடைசி வரை வரிசையும் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் தாராளமாகத் தரம் போடக்கூடும் என்ற கருத்தில், தேர்வுகளை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பு ஒரு கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தியது. அதில், அந்தப் பள்ளி முந்தைய ஆண்டுகளில் பெற்ற முடிவுகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆகஸ்ட் 13 அன்று வெளியான முடிவுகளில், ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்கள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தன. முன்பு சிறந்த முடிவுகளைக் காணாத பள்ளியில் படித்த மிகச் சிறந்த மாணவரை, அவருடைய பள்ளியின் கடந்தகாலம் கீழே இழுத்தது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கொடுத்த தரமே நின்றது. அத்தகைய சிறிய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17 அன்று அந்த முறை கைவிடப்பட்டு, ஆசிரியர் மதிப்பீடே ஏற்கப்பட்டது.

இதில் எனக்குப் பயன்படும் முடிச்சுகள் சில உண்டு. முதலாவதாக, அந்த முறை தானாகக் கற்கும் இயந்திரமே இல்லை. வெளிப்படையாக எழுதிவைக்கப்பட்ட வாய்பாடு. ஒருசார்புக்கு நுண்ணறிவு தேவையில்லை. அடுத்து, மொத்தத்தில் நாட்டின் சராசரியைக் கட்டுக்குள் வைப்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கத்தை அது நிறைவேற்றியது. தனி மாணவருக்கு நியாயம் செய்வது வேறு நோக்கம். கடைசியாக நீங்கள் சொன்னது: வாய்பாட்டை எடுத்துவிட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தது ஆசிரியரின் தீர்ப்பு. அது தூய்மையானதா? இந்தக் கேள்வியை வகுப்பில் மாணவர் கேட்கும் முன்பே பயிற்சி அறையில் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

---

தரவுத்தச்சன் (மென்பொருள் துறை)

நான் ஆசிரியர் அல்லன். தரவிலிருந்து தானாகக் கற்கும் நிரல்களுக்கு (நாங்கள் ‘மாதிரி’ என்போம்) தரவைத் தயார்செய்வது என் தொழில். உரையாடல் நன்றாகப் போகிறது. தாள் துண்டுகளில் ஒரு குறை உண்டு: கருவி ஏன் அப்படிக் குறித்தது என்பதை அவை காட்டுவதில்லை. அதற்கு ஒரு கருவியைப் பிறப்பிலிருந்து பார்க்க வேண்டும்.

கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ இதற்குப் போதும். உலாவியிலேயே இயங்கும், நிரல் எழுதத் தேவையில்லை, சில நிமிடங்களில் பயிற்றுவிக்கலாம். ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, பேனாவையும் பென்சிலையும் பிரித்தறியும் மாதிரியை உருவாக்கச் சொல்லுங்கள். ஆனால் பேனாக்களை எல்லாம் நீலநிற ஏட்டின்மேல் வைத்தும், பென்சில்களை எல்லாம் வெள்ளை மேசையின்மேல் வைத்தும் படமெடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டாம். சோதிக்கும்போது அதே ஏட்டின்மேல் பேனா, அதே மேசையின்மேல் பென்சில் என்று காட்டினால் எல்லாம் பொருந்திவரும். பிறகு பென்சிலை எடுத்து நீல ஏட்டின்மேல் வையுங்கள். பெரும்பாலும் அது ‘பேனா’ என்று அடித்துச் சொல்லும். திரையில் உறுதியைக் காட்டும் பட்டையும் உச்சியில் நிற்கும். அது பேனாவைக் கற்கவேயில்லை, நீலத்தைக் கற்றது. ஏட்டை வெறுமையாகக் காட்டினாலும் பேனா என்றுதான் சொல்லக்கூடும். யாரும் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை, படங்களின் எண்ணிக்கையும் குறைவில்லை, சோதனையிலும் முதலில் தேறியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் என் தொழிலின் அன்றாடத் தலைவலி உங்களுக்குப் புரியும்.

அடுத்து, ஓர் அழிப்பானைக் காட்டச் சொல்லுங்கள். அது பேனா என்றோ பென்சில் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீரும்; ‘இரண்டும் இல்லை’ என்று சொல்ல அதற்கு நாம் இடம் வைக்கவில்லை. எந்தெந்தப் பெட்டிகள் இருக்க வேண்டும் என்பதை யார் முடிவுசெய்தார்கள் என்ற கேள்வி, படங்களின் எண்ணிக்கையைப் பற்றிய கேள்வியைவிட ஆழமானது. வெண்பலகை முதலில் குறிப்பிட்ட 2018 ஆய்வில் சோதிக்கப்பட்ட கருவிகளும் மனிதர்களை ஆண், பெண் என்ற இரண்டே பெட்டிகளில்தான் போட்டன.

இப்போது கடுமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகம் காணும் கருவியின் குறையை விளக்குகிறேன் என்று வகுப்பு மாணவர்களையே கேமராவின் முன் நிறுத்தும் செய்முறைகளைச் சில பாடத்திட்டங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கருத்த நிறமுள்ள ஒரு மாணவியின் முகத்தை மட்டும் கருவி அடையாளம் காணவில்லை என்றால், அன்று அந்த வகுப்பு ஒருசார்பைப் பற்றிக் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தது அவள் ஒருத்திதான். பொருள்களை வைத்துச் செய்தாலே இயங்குமுறை முழுவதும் விளங்கிவிடும். மனிதர்களுக்கு நேர்ந்ததை வெளியான ஆய்வுகளின் எண்களைக் கொண்டு பேசலாம்.

---

சோதனைக்குழாய் (அறிவியல்)

தரவுத்தச்சன் சொன்ன கடைசிப் பத்தியைப் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

சொல்லாடல் அம்மாவின் பரிந்துரைக் கடிதப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி சிறந்தது, ஆனால் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, ‘பார்த்தீர்களா, ஒருசார்பு!’ என்று முடித்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. சாட்பாட் ஒரே கேள்விக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும். இரண்டு கடிதங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெயரால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்பது இரண்டே கடிதங்களைக் கொண்டு தெரியாது. வகுப்பில் 40 மாணவர்கள் இருந்தால், 20 பேர் ஒரு பெயருக்கும் 20 பேர் மற்றப் பெயருக்கும் கேட்கட்டும். எந்தெந்தப் பெயரடைகளை எண்ணுவது என்பதை விடைகள் வரும் முன்பே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். வந்த பிறகு தேர்ந்தெடுத்தால் நாம் விரும்பியது நிச்சயம் கிடைக்கும். எண்ணுகிறவருக்கு எந்தக் கடிதம் யாருடையது என்று தெரியாமல், பெயரை மறைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. இத்தனைக்கும் பிறகு வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்றால் அதையும் அப்படியே பதிவுசெய்ய வேண்டும். பயிற்சியில் ஆசிரியர்கள் பயப்படுவது இதற்குத்தான்: ‘வகுப்பில் செய்துகாட்டும்போது ஒருசார்பு வராமல் போய்விட்டால்?’ வராமல் போனால் அன்றைய பாடம் தோற்றதாகாது. நிறுவனங்கள் மாதிரிகளை அடிக்கடி மாற்றுகின்றன. சென்ற ஆண்டின் திரைப்பிடிப்பை நம்பி வகுப்புக்குள் நுழைகிறவர்தான் திண்டாடுவார்.

எண்ணி முடித்த பிறகு எழும் கேள்விதான் உண்மையில் கனமானது. படம் வரையும் கருவியிடம் ‘மருத்துவர்’ என்று கேட்டு 40 படங்களை வாங்கினோம். 31 பேர் ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். இது ஒருசார்பா? எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? இன்று பணியில் உள்ள மருத்துவர்களின் விகிதத்தோடா, மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர்களின் விகிதத்தோடா, மக்கள்தொகையோடா, இல்லை, இருக்க வேண்டும் என்று நாம் விரும்பும் ஒன்றோடா? ஒப்பீட்டை மாற்றினால் தீர்ப்பு மாறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு பன்மையைத் திணித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 2024 பிப்ரவரியில் கூகுளின் ஜெமினி, வரலாற்று மாந்தர்களைக்கூட வரலாற்றுக்குப் பொருந்தாத இனத்தவராக வரைந்ததால், மனிதர்களை வரையும் வசதியையே அந்த நிறுவனம் சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒரு கோணலைச் சரிசெய்யப் போய் இன்னொரு கோணல் வந்த அந்த நிகழ்வைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் வெகுநேரம் விவாதிப்பார்கள். விவாதிக்க விடுவதற்கு ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். விடை தெரியாத கேள்வியை வகுப்பில் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. பயிற்சி கொடுக்க வேண்டிய இடங்களில் இதுதான் முதன்மையானது என்பேன்.

---

குறுக்குக்கேள்வி

என் முதல் பதிவின் காரம் சற்றுக் கூடுதலோ என்று நினைத்தேன். வெண்பலகை அதை நல்ல இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதே வழியில் இன்னும் ஓர் அடி.

2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஸியாத் ஓபர்மேயர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று, ‘யாருக்கு நோய் கடுமையாக இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக ‘யாருக்காக எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும்’ என்பதைக் கணித்தது. செலவை அது நன்றாகவே கணித்தது. ஆனால் மருத்துவ வசதி எளிதில் எட்டாத கறுப்பின நோயாளிகளுக்கு, அதே அளவு நோய் இருந்தும் குறைவாகவே செலவிடப்பட்டிருந்தது. ஆகவே அவர்கள் நலமாக இருப்பதாகக் கருவி எடுத்துக்கொண்டது. அந்தப் பிழையைக் களைந்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள். நோயாளியின் இனம் என்ன என்பது அந்தக் கருவிக்குக் கொடுக்கப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அளக்க முடியாததற்குப் பதிலாக அளக்க முடிவதை வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தில் பள்ளிக்கூடங்கள் யாருக்கும் இளைத்தவை அல்ல. வருகைப்பதிவு, ஆர்வத்துக்குப் பதிலி. கை தூக்குவது, கவனத்துக்குப் பதிலி. மூன்று மணிநேரத் தாள், ஓராண்டுக் கற்றலுக்குப் பதிலி. இந்த ஆய்வை விளக்கிவிட்டு, ‘நம் பள்ளியில் எது எதற்குப் பதிலியாக அளக்கப்படுகிறது? அதனால் யார் விடுபடுகிறார்கள்?’ என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லலாம். வெண்பலகை அவர்களே, உங்கள் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொள்ளத் துணிவார்கள்?

---

மணியோசை (தலைமையாசிரியர்)

நிர்வாகத் தரப்பிலிருந்து சுருக்கமாகச் சில. தனிப் பாடவேளை கேட்காதீர்கள், கிடைக்காது. கணிதத்தில் விழுக்காடும் நிகழ்தகவும் வரும் இடம், அறிவியலில் செய்முறைப் பிழை வரும் இடம், மொழியில் கடிதம் எழுதும் இடம் என்று அந்தந்தப் பாடத்துக்குள் நுழைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

சாட்பாட் சேவைகள் பலவற்றுக்கு வயது வரம்பு உண்டு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கணக்கே கூடாது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று விதித்திருக்கும் சேவைகளும் இருக்கின்றன. இளைய வகுப்புகளில் ஆசிரியரின் கணக்கிலிருந்து எடுத்த விடைகளை அச்சிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. மாணவர்களின் உண்மைப் பெயர், மதிப்பெண், எழுத்து எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. சொல்லாடல் சொன்ன பரிந்துரைக் கடிதத்துக்கும் கற்பனைப் பெயர்களே போதும்.

இன்னொரு கவலை. இந்தப் பாடங்களுக்குப் பிறகு, ‘எல்லாக் கருவியும் பொய்தான்’ என்று முடிவுகட்டிவிட்டு எதையும் சரிபார்க்காத மாணவர்கள் உருவாவதும் எனக்கு உவப்பில்லை. எங்கே நம்பலாம், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

---

வெண்பலகை

அனைவருக்கும் நன்றி. என் வரைவைக் கலைத்து மீண்டும் அடுக்கியிருக்கிறேன். இங்கே வைக்கிறேன், வெட்டுங்கள்.

தொடக்கம் சொல்லாடலின் வழி. ஆசிரியர்கள், குற்றம் சாட்டப்பட்ட மாணவரின் இருக்கையில் அமர்வார்கள். அந்தத் திகைப்பு ஆறும் முன்பே அளவுகோலின் தாள் துண்டுகள் மேசைக்கு வரும். விளக்கவுரை அதற்குப் பிறகுதான், அதுவும் மிகக் குறைவாக. அடுத்த அமர்வு முழுவதும் பேனா, பென்சில், அழிப்பான். மணியோசை அம்மாவின் கவலைக்கும் அங்கேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது: கோணலான அந்த மாதிரியைத் தாமே திருத்தி, எந்த ஏட்டின்மேல் வைத்தாலும் பேனாவைப் பேனா என்று சொல்லும் அளவுக்குக் கொண்டுவரச் சொல்வேன். குறையைக் கண்டவரே அதைக் குறைத்தும் பார்த்தால் வெறும் கசப்பு தங்காது. ‘இரண்டும் இல்லை’ என்ற மூன்றாம் பெட்டிக்கு எதையெல்லாம் படமெடுப்பது என்று அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

பிறகு வகுப்புக்குப் போகிறார்கள். இங்கே ஜப்பானியப் பள்ளிகளின் பாட ஆய்வு முறையைக் கையாளப்போகிறேன்: பாடத்தைச் சிலர் சேர்ந்து திட்டமிடுவது, ஒருவர் நடத்துவது, மற்றவர்கள் வகுப்பின் பின்னால் அமர்ந்து பார்ப்பது. அவர்கள் பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல, மாணவர்களை. யார் என்ன கேட்டார், எந்தக் கேள்வியை ஆசிரியர் மூடினார், எதைத் திறந்து வைத்தார் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவர வேண்டும். கடைசி அமர்வின் பாடப்பொருள் அந்தக் கேள்விகள்தாம். சோதனைக்குழாய் கேட்ட பொறுமையை உரையாற்றிக் கற்பிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தாம் மூடிய கேள்வியைத் தாமே எழுத்தில் பார்க்கும்போது அது கொஞ்சம் வரலாம்.

முகங்களுக்கு இடமில்லை. இதில் பேச்சுவார்த்தைக்கும் இடமில்லை.

குறுக்குக்கேள்வி அவர்களின் பதிலிப் பட்டியலை மட்டும் கட்டாயமாக்கவில்லை. அதைக் கேட்டுக்கொள்ள விருப்பமில்லாத ஆசிரியரிடம் கட்டாயப்படுத்தினால், பட்டியலில் ‘வருகைப்பதிவு’ என்று எழுதிய மாணவர்தான் பிறகு மாட்டிக்கொள்வார். முதலில் ஆசிரியர்கள் தமக்குள் எழுதட்டும். மாணவர்களிடம் கேட்பதா என்பதைப் பெயர் எழுதாத சீட்டுகளில் அவர்களே முடிவுசெய்யட்டும்.

---

குறுக்குக்கேள்வி

ஏற்கிறேன், முழு மனத்தோடு அல்ல. பெரும்பான்மை ‘வேண்டாம்’ என்று வந்தால், அந்த முடிவையும் கடைசி அமர்வில் எடுத்துப் பேசுவீர்களா?

---

வெண்பலகை

பேசுவேன். நிகழ்ச்சி நிரலில் இப்போதே சேர்த்துவிட்டேன்.

---

அளவுகோல்

தாள் துண்டுகளை நான் தயாரித்துத் தருகிறேன். ஒரு சிறு மாற்றம்: தொடக்கத்தில் பள்ளிகளின் பெயரோ மொத்த எண்ணிக்கையோ சொல்லாமல், 200 துண்டுகளையும் கலந்தே கொடுத்துவிடலாம். குறிக்கப்பட்ட 70 பேரில் 56 பேர் சரி என்ற 80 விழுக்காட்டில் அவர்கள் நிறைவடையட்டும். பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தானாகத் தோன்றுகிறதா என்று பத்து நிமிடம் காத்திருங்கள். தோன்றவில்லை என்றால் மட்டும், துண்டுகளின் பின்பக்கத்தில் பள்ளியின் எண் இருக்கிறது என்று சொல்லுங்கள்.